பேனலுக்குக் கீழே இருக்கும் மண்: சூரிய மின்பண்ணைகள் பற்றி வாசகர் கேள்விகள்

பெரிய சோலார் பண்ணைகள் நிலத்தையும் அங்கே வாழும் உயிர்களையும் என்ன செய்கின்றன என்று கேட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பதில்களில் திரும்பத் திரும்ப வரப்போகும் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சேதத்தின் அளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இரண்டு: எந்த இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது, பேனல் வந்து இறங்குவதற்கு முந்தைய சில வாரங்களில் அந்த மண்ணை இயந்திரங்கள் என்ன செய்தன.

கேள்வி: 100 மெகாவாட் பண்ணைக்கு எவ்வளவு நிலம் வேண்டும்? அவ்வளவு நிலமும் பேனலால் மூடப்பட்டுவிடுமா?

பதில்: 1 மெகாவாட்டுக்கு 2 முதல் 2.5 ஹெக்டேர், அதாவது 5 முதல் 6 ஏக்கர் என்று வைத்துக்கொள்ளலாம். ராஜஸ்தானின் பட்லா சோலார் பூங்கா 2,245 மெகாவாட். அதன் பரப்பு சுமார் 5,700 ஹெக்டேர். கணக்குச் சரியாக வருகிறது. ஆகவே 100 மெகாவாட்டுக்கு 200 ஹெக்டேருக்குக் குறையாது.

முழுவதும் மூடப்படாது. ஒரு வரிசையின் நிழல் அடுத்த வரிசையில் விழக் கூடாது என்பதற்காக இடைவெளி விடுவார்கள். மேலிருந்து பார்த்தால் பேனல் மறைக்கும் பரப்பு பெரும்பாலும் 30 முதல் 50 சதவீதம்தான். இரும்புக் கால்கள் மண்ணில் ஊன்றிய இடத்தை மட்டும் கூட்டினால் 1 சதவீதம்கூட வராது. சாலை, இன்வெர்ட்டர் மேடை, துணைமின் நிலையம் ஆகியவை தனி. பாதிக்கு மேற்பட்ட நிலம் வானம் பார்த்தபடியே இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். அதை உயிரோடு வைப்பதா, மொட்டையடிப்பதா என்பது நிர்வாகத்தின் கையில் இருக்கிறது.

கேள்வி: பண்ணை அமைக்கும்போது முதல் வேலையாக நிலம் முழுவதையும் வழித்துச் சமப்படுத்துகிறார்கள். அது கட்டாயமா?

பதில்: பெரும்பாலான இடங்களில் கட்டாயமில்லை. ஒரே நீளக் கால்களை வாங்கி வேகமாக ஊன்றிவிடலாம், வண்டி எங்கும் ஓடும், காய்ந்த புல்லில் தீ பிடிக்கும் என்ற பயமும் இல்லை. வழிப்பதற்கு இவைதான் காரணங்கள். வேலை செய்பவர்களுக்கு வசதி என்பது உண்மை. ஆனால் கொடுக்கும் விலை பெரிது.

மேலே உள்ள 10, 15 செ.மீ. மண்ணில்தான் விதைகள், மெல்லிய வேர்கள், வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சைகள், மட்கு எல்லாம் இருக்கின்றன. கிரேடர் அதை வழித்துவிட்டால் மிஞ்சுவது அடிமண். அதன்மேல் கனரக வண்டிகள் ஓடும்போது மண்துகள்களுக்கிடையே உள்ள காற்றறைகள் நசுங்கி, மழை உள்ளே இறங்காது, வேரும் இறங்காது. அதற்குப் பிறகு அங்கே முதலில் வருபவை எங்கும் முளைக்கும் களைகள்தான். பாலை நிலத்தில் இன்னொரு இழப்பும் உண்டு. நீலப்பச்சைப் பாசி, பூஞ்சை, லைக்கன் எல்லாம் பின்னிய மெல்லிய பொருக்கு ஒன்று மண்ணைப் போர்த்தியிருக்கும். காற்றில் மண் பறக்காமல் பிடித்து வைப்பது அதுதான். ஒரு முறை டயர் ஏறி உடைந்தால் மீண்டும் உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும்.

அந்தப் புழுதி மனிதரையும் விடவில்லை. கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ மாவட்டத்தில் இரண்டு பெரிய பண்ணைகள் கட்டப்பட்டபோது, 2011 அக்டோபருக்கும் 2014 ஏப்ரலுக்கும் இடையில் 44 தொழிலாளர்களுக்குப் பள்ளத்தாக்குக் காய்ச்சல் வந்தது. மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையின் வித்துகளைப் புழுதியோடு சுவாசித்ததால் வந்த நுரையீரல் நோய் அது.

மாற்று வழி எளிதானதே. சமஉயரக் கோட்டு வரைபடம் எடுத்து, செங்குத்தான பகுதியையும் ஓடைகளையும் திட்டத்துக்கு வெளியே விட்டுவிட வேண்டும். மிச்ச இடத்தில் சூரியன் நகர நகரப் பேனலைத் திருப்பும் டிராக்கர்களில், நிலத்தின் ஏற்ற இறக்கத்தோடு வளைந்து போகும் வகையையும், இடத்துக்கேற்ப நீளம் மாறும் கால்களையும் பயன்படுத்தலாம். கால்களைக் கான்கிரீட் போடாமல் 1.5 முதல் 2.5 மீட்டர் ஆழத்துக்கு அடித்து இறக்கலாம். புதர்களை வேரோடு பிடுங்காமல் 20, 30 செ.மீ. உயரம் விட்டுக் கத்தரித்தால், வேர் உயிரோடு இருந்து அடுத்த மழைக்குத் துளிர்க்கும். நெவாடாவில் லாஸ் வேகாஸுக்கு வடகிழக்கே உள்ள 690 மெகாவாட் ஜெமினி பண்ணையில் பெரும்பகுதியை இப்படித்தான் செய்தார்கள். கட்டுமானம் முடிந்த பிறகு, மில்க்வெட்ச் இனத்தைச் சேர்ந்த அரிய சிறு செடி ஒன்று மண்ணிலிருந்த விதை வங்கியிலிருந்தே மறுபடி முளைத்தது. வழித்திருந்தால் அந்த விதைகள் மண்மேட்டுக்கடியில் புதைந்திருக்கும்.

ஈரமண்ணில் வண்டி இறக்குவதுதான் தவறுகளிலேயே அதிகம் நடப்பது. ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். 3 மி.மீ. கனத்தில் நூல்போல உடையாமல் திரண்டு வந்தால் அன்று கனரக வண்டி இறங்கக் கூடாது, உதிர்ந்தால் இறங்கலாம். சாலைக்கும் மேடைக்கும் தோண்டியே ஆக வேண்டிய இடங்களில் மேல்மண்ணை அடிமண்ணோடு கலக்காமல் தனியாக, 2 மீட்டருக்கு மேல் உயராத குவியலாக வைத்து, வேலை முடிந்ததும் மேலே பரப்ப வேண்டும். குவியல் உயர உயர உள்ளே காற்றில்லாமல் மண்ணுயிர்கள் செத்துப்போகும். இறுகிப்போன இடத்தை, மண் காய்ந்த பிறகு, ஆழ உழும் கலப்பையால் 30 முதல் 45 செ.மீ. வரை கிளறிவிட்டு விதைக்க வேண்டும். கேபிள் புதைந்திருக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளாமல் இதைத் தொடங்கக் கூடாது.

கேள்வி: பேனலிலிருந்து வழியும் மழைநீர் மண்ணை அரிக்காதா?

பதில்: அடியில் புல் இருந்தால் பெரிதாக அரிக்காது. வெறும் மண்ணாகவோ சரளையாகவோ இருந்தால் ஓடிவரும் நீரின் அளவும் வேகமும் கூடும். கவனிக்க வேண்டிய இடம் பேனலின் கீழ்விளிம்பு. அங்கே மொத்த நீரும் ஒரே கோட்டில் விழுகிறது. அந்த நீர் மண்ணில் மோதும் ஆற்றல் சாதாரண மழையைவிடப் பத்து மடங்கு வரை போகலாம் என்று அமெரிக்க நீரியல் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். முதல் மழைக்காலத்திலேயே அந்தக் கோட்டில் சிறு வாய்க்கால் விழுந்துவிட்டால், அடுத்தடுத்த ஆண்டில் அது கால்களின் அடிமண்ணைத் தோண்டும்.

வரிசைகளைச் சரிவின் குறுக்கே, சமஉயரக் கோட்டையொட்டி அமையுங்கள். பேனலுக்கும் பேனலுக்கும் இடையே 2 செ.மீ. சந்து இருக்கட்டும், நீர் பல கோடுகளாகப் பிரிந்து விழும். சரிவின் அடிவாரத்தில் அகலமான புல்பட்டை ஒன்று அவசியம். முக்கியமானது காலம். புல் வேர் பிடித்த பிறகு பேனல் ஏற வேண்டும். எல்லாம் முடித்துவிட்டு விதை தூவினால் முதல் பெருமழையில் விதையும் போகும், மண்ணும் போகும்.

கேள்வி: பண்ணை இருந்தால் சுற்றுவட்டாரம் சூடாகுமா? ஒருவர் ஆகும் என்கிறார், இன்னொருவர் குளிரும் என்கிறார்.

பதில்: இருவரும் அளந்தது வேறுவேறு இடமாக இருக்கும். விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைப் பேனல் மின்சாரமாக்குகிறது, சிறிதளவைத் திருப்பி அனுப்புகிறது, மிச்சம் வெப்பமாகிறது. வெளிர்நிறப் பாலை மணல் வெயிலில் நல்ல பங்கைத் திருப்பியடிக்கும். கருநிறப் பேனல் அதை வாங்கிக்கொள்ளும். அரிசோனாவில் அளந்து 2016இல் வெளியான ஆய்வில், பண்ணைக்குள் இரவுநேரக் காற்று பக்கத்துப் பாலை நிலத்தைவிட 3 முதல் 4 டிகிரி செல்சியஸ் சூடாக இருந்தது. அங்கே செடிகளும் இல்லை, நீராவியாகி வெப்பத்தைக் கொண்டுபோக ஒன்றுமில்லை.

இங்கிலாந்தின் வெஸ்ட்மில் பண்ணையில் மண்ணை அளந்தபோது, கோடையில் பேனலுக்கடியில் 5.2 டிகிரி வரை குளிர்ந்திருந்தது. நிழல் காரணம். பேனல் மட்டத்துக்கு மேலே காற்றில் சூடு, அடியில் மண்ணில் குளிர்ச்சி; இரண்டும் ஒரே பண்ணையில் ஒரே நாளில் நடக்கலாம்.

தூரம் போகப்போக வெப்பம் கரைந்துவிடும். வட அமெரிக்கப் பண்ணை ஒன்றைப் பற்றி 2013இல் வந்த ஆய்வில், எல்லையிலிருந்து சுமார் 300 மீட்டரில் வித்தியாசம் 0.3 டிகிரிக்குள் வந்துவிட்டது. சஹாராவில் ஐந்தில் ஒரு பங்கைப் பேனலால் மூடினால் அங்கே 1.5 டிகிரி கூடும், மழைப் போக்குகளும் மாறும் என்று 2021இல் வந்த கணினி மாதிரி ஆய்வு கற்பனை அளவிலானது. இன்றைய பண்ணைகளுக்கு அதைப் பொருத்திப் பயப்பட வேண்டாம்.

கேள்வி: பறவைகள் பேனல்களை ஏரி என்று நினைத்து மோதுகின்றனவா?

பதில்: வலுவான சந்தேகம் இருக்கிறது, முழு நிரூபணம் இன்னும் இல்லை. சந்தேகத்தின் அடிப்படை இது: பாலைக்கு நடுவே இருக்கும் பண்ணைகளில் முக்குளிப்பான், நாமக்கோழி போன்ற நீர்ப்பறவைகளின் சடலங்கள் கிடைக்கின்றன. அமெரிக்க மீன், வனவுயிர் சேவையின் தடயவியல் ஆய்வகம் கலிபோர்னியாவின் மூன்று சூரிய மின் நிலையங்களிலிருந்து கிடைத்த 71 இனங்களைச் சேர்ந்த 233 பறவைகளைச் சோதித்து 2014இல் அறிக்கை தந்தது. அவற்றில் பேனல் வகையைச் சேர்ந்த டெசர்ட் சன்லைட் நிலையத்தில் நீர்ப்பறவைகள் குறிப்பிடத்தக்க அளவில் இருந்தன. சுற்றிலும் மைல்கணக்கில் தண்ணீர் இல்லாத இடம் அது.

முக்குளிப்பானுக்குக் கால்கள் உடலின் பின்கோடியில் இருக்கும். நீந்துவதற்கு அது அருமையான அமைப்பு. ஆனால் தரையிலிருந்து எழுந்து பறக்க அதனால் முடியாது, நீரின்மேல் ஓடித்தான் எழும்ப முடியும். மோதலில் பிழைத்தாலும் தரையில் மாட்டிக்கொண்டு பசியிலோ வேட்டை விலங்கிடமோ சாகும். ஆகவே வலசைப் பருவத்தில் அதிகாலைச் சுற்று ஒன்று உயிர் காக்கும். உயிரோடு இருக்கும் நீர்ப்பறவையைக் கண்டால் காற்றுத் துளையுள்ள அட்டைப்பெட்டியில், துணி விரித்து, இருட்டாக வைத்து வனத்துறையிடமோ கால்நடை மருத்துவரிடமோ சேர்க்க வேண்டும். மேலே தூக்கி எறிந்தால் பறந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். விழுந்து எலும்பு உடையும், தயவுசெய்து செய்யாதீர்கள்.

அளவையும் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவிலும் நெவாடாவிலும் 10 பண்ணைகளின் கண்காணிப்புத் தரவுகளைத் தொகுத்த 2020ஆம் ஆண்டு ஆய்வு, ஆண்டுக்கு ஒரு மெகாவாட்டுக்குச் சராசரியாக 2.49 பறவைகள் என்று கணக்கிட்டது. கிடைத்தவற்றில் சுமார் 54 சதவீதம் வெறும் இறகுக் குவியல்கள். முழு உடலாகக் கிடைத்தவற்றிலும் சுமார் 61 சதவீதத்துக்கு மரணக் காரணம் தெரியவில்லை. கட்டடங்களில் மோதிச் சாகும் பறவைகளோடு ஒப்பிட்டால் மொத்த எண்ணிக்கை மிகச் சிறியது. ஆனால் மொத்த எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளும் வாதத்தை நாங்கள் ஏற்பதில்லை. 2013இல் டெசர்ட் சன்லைட்டில் செத்துக் கிடந்தவற்றில் ஒன்று, அழிவின் விளிம்பில் உள்ள யூமா நீர்க்கோழி. அப்படிப்பட்ட இனத்தில் ஒவ்வொரு பறவையும் கணக்கு.

கேள்வி: கோபுர வகை சூரிய நிலையங்களில் பறவைகள் நடுவானில் கருகுவதாகப் படித்தேன். பேனலிலும் அப்படி நடக்குமா?

பதில்: நடக்காது. பேனலின் மேற்பரப்பு வெயிலில் கிடக்கும் கார் கூரை அளவுக்குச் சுடும், அவ்வளவுதான். கருகுவது கண்ணாடிகள் ஒளியைக் குவிக்கும் கோபுர வகையில். கலிபோர்னியாவில் 2014இல் இயங்கத் தொடங்கிய 392 மெகாவாட் ஐவன்பா நிலையத்தில் சுமார் 1,73,500 ஹீலியோஸ்டாட் கண்ணாடிகள் மூன்று கோபுரங்களின் உச்சியை நோக்கி ஒளியைத் திருப்பின. அந்தக் குவியத்துக்கு வரும் பூச்சிகளைத் துரத்திப் பறவைகள் வந்தன, இறகுகள் கருகின. கண்ணாடிகள் வேலையில்லாமல் காத்திருக்கும் நேரத்தில் அவற்றின் ஒளியை ஒரே புள்ளியில் குவிக்காமல் பல புள்ளிகளில் சிதறவிட்டால் ஆபத்து மிகவும் குறையும். கருவி எதையும் மாற்ற வேண்டாம், கட்டுப்பாட்டு மென்பொருளைத் திருத்தினால் போதும்.

கேள்வி: பேனல்களின்மேல் பூச்சிகள் வந்து முட்டையிடுவதைப் பார்க்கிறேன். ஏன்?

பதில்: தண்ணீர் என்று நினைத்துத்தான். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி கிடைமட்டமாக முனைவாக்கம் அடைந்திருக்கும், அதாவது அதன் அலைகள் பெரும்பாலும் கிடைமட்டத் திசையிலேயே அதிரும். நம் கண்ணுக்கு அது தெரியாது. ஒருநாள் பூச்சி, குதிரை ஈ, நீர்வண்டு போன்றவற்றுக்குத் தெரியும். குளத்தைக் கண்டுபிடிக்க அவை நம்புவது அந்த அடையாளத்தைத்தான். வழுவழுப்பான கறுப்புப் பேனல் உண்மையான தண்ணீரைவிட வலுவாக ஒளியை முனைவாக்குகிறது. பூச்சிக்கு அது தண்ணீரைவிடத் தண்ணீராகத் தெரிகிறது. இட்ட முட்டைகள் காய்ந்து வீணாகின்றன.

ஹங்கேரி ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட சோதனையில், கறுப்புப் பரப்பை வெள்ளைக் கட்டங்களாகப் பிரித்தபோது பூச்சிகளின் ஈர்ப்பு 10 முதல் 26 மடங்கு குறைந்தது. ஆறு, குளம், சதுப்பு நிலத்துக்கு அருகே பண்ணை வருமானால் வெள்ளைச் சட்டகமும் வெள்ளைக் கோடுகளும் உள்ள, ஒளிச் சிதறல் பூச்சுள்ள பேனல்களைக் கேட்டு வாங்குங்கள். நீர்க்கரையிலிருந்து தள்ளி வைப்பது அதைவிட நல்லது.

வௌவால்களிலும் பாதிப்பு தெரிகிறது. இங்கிலாந்தில் 2023இல் வெளியான ஆய்வில், பண்ணை வயல்களில் எட்டு வகை வௌவால்களில் ஆறு வகையின் நடமாட்டம் அதே மாதிரியான பேனலற்ற வயல்களைவிடக் குறைவாக இருந்தது.

கேள்வி: வேலி போடாமல் பாதுகாப்பு இல்லை. வேலி போட்டால் விலங்குகளுக்கு வழி இல்லை. என்ன செய்வது?

பதில்: வேலியைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நீங்கள் கேட்டதில் மகிழ்ச்சி. பல இடங்களில் பேனலைவிட வேலிதான் பெரிய பிரச்சினை.

சிறு விலங்குகளுக்கு வழி செய்வது சுலபம். கம்பிவலையின் அடிவிளிம்பைத் தரையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்தி முடியுங்கள். கூரான முனைகளைக் கீழே விடாமல் மடக்கி வையுங்கள், இல்லாவிட்டால் நுழையும் விலங்கின் முதுகு கிழியும். கலிபோர்னியாவின் டோபாஸ் பண்ணையில் அடியில் இடைவெளி விட்ட வேலிதான். அழிந்துவரும் சான் வாகீன் கிட் நரி அங்கே உள்ளே போய் வருகிறது. பெரிய ஓநாய்ச் சாதிகள் நுழைய முடியாததால் அதற்குப் பாதுகாப்பும்கூட. மழைநீர் அடித்து வந்த மண்ணும் குப்பையும் இந்த இடைவெளியை அடைத்துவிடும். ஆண்டுக்கு இருமுறை வேலியோடு நடந்து பார்த்துத் திறந்துவிட வேண்டும்.

உச்சியில் முள்கம்பி வேண்டாம். ஆந்தையும் வௌவாலும் அதில் மாட்டிச் சாகின்றன. வழுவழுப்பான கம்பி போதும்.

பெரிய விலங்குகள் வேறு கதை. வயோமிங்கின் 80 மெகாவாட் ஸ்வீட்வாட்டர் பண்ணையைச் சுற்றி வேலி வந்தபோது, பிராங்ஹார்ன் மான்கள் காலங்காலமாகப் போய்வந்த இடம் அடைபட்டது. இந்த மான் வேகத்துக்குப் பேர்போனது, ஆனால் வேலி தாண்டாது. மந்தைகள் பண்ணைக்கும் நெடுஞ்சாலைக்கும் இடையே ஒதுக்கப்பட்டு, சாலையில் இறங்கின. அடியில் 20 செ.மீ. விட்டு இதைத் தீர்க்க முடியாது. ஒரே பெரிய வேலிக்குப் பதிலாகப் பண்ணையைப் பல தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வேலி போட்டு, இடையே அகலமான வழித்தடங்களை விட வேண்டும். எங்கே விடுவது என்பதை ஓடைகளும் பழைய தடங்களும் சொல்லும். கட்டுமானத்துக்கு முன் குறைந்தது ஓராண்டு கேமராப் பொறி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பார்க்க அழகான நேர்க்கோட்டில் தடம் போட்டு, விலங்கு அதைப் பயன்படுத்தவில்லை என்று பிறகு வருந்துவதில் பயனில்லை.

வேலியோடு சேர்த்து மூன்று சிறிய விஷயங்கள். கேபிள் பள்ளத்தை இரவில் திறந்து விட்டால், இடையிடையே சரிவான மண்ணேற்றமோ பலகையோ வையுங்கள். காலையில் மூடுவதற்கு முன் உள்ளே பாருங்கள். மேல்முனை திறந்த குழாய், உள்ளீடற்ற கால் எல்லாவற்றுக்கும் மூடி போடுங்கள். நெவாடாவில் சுரங்க எல்லையைக் குறிக்க நட்ட வெள்ளை பிவிசி குழாய்களுக்குள் கூடு தேடி இறங்கிய பறவைகள் ஏற முடியாமல் ஏராளமாகச் செத்தன. காவல் விளக்கு ஆள் அசைந்தால் மட்டும் எரியட்டும்.

கேள்வி: அங்கே இருக்கும் விலங்குகளைப் பிடித்து வேறு இடத்தில் விட்டால் போதாதா?

பதில்: கடைசி வழியாக மட்டும். மொஹாவே பாலை ஆமைகளின் அனுபவம் பாடம். அமெரிக்காவில் 1990இலேயே அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகப் பட்டியலிடப்பட்ட ஆமை இது. ஐவன்பாவில் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான ஆமைகள் கிடைத்ததால் 2011இல் வேலையின் ஒரு பகுதியையே நிறுத்த வேண்டியதாயிற்று. 2021இல் நெவாடாவின் யெல்லோ பைன் பண்ணைக்காக 139 ஆமைகளை இடம் மாற்றினார்கள். வறட்சி ஆண்டு. சுமார் 30 ஆமைகள் சில வாரங்களிலேயே கொல்லப்பட்டன. கொன்றவை பேட்ஜர் என்னும் வளைதோண்டி விலங்குகள் என்று கருதப்படுகிறது.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியது. சொந்த இடத்தில் ஆமைக்கு எந்த வளை குளிர்ச்சி, எங்கே மழைநீர் தேங்கும் என்பதெல்லாம் அத்துபடி. புதிய இடத்தில் அது பழைய இடத்தைத் தேடிப் பல நாள் வெட்டவெளியில் நடக்கிறது. வெயிலும் எதிரியும் அதைப் பிடித்துவிடுகின்றன. புதிய இடம் நல்ல இடமாக இருந்தால் அங்கே ஏற்கெனவே ஆமைகள் இருக்கும். நோயும் போட்டியும் சேரும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் வறட்சி ஆண்டைத் தவிருங்கள், கடும் வெயிலிலோ குளிர் உறக்கக் காலத்திலோ தொடாதீர்கள், நோய்ச் சோதனை செய்யுங்கள், ரேடியோப் பட்டை கட்டிப் பல ஆண்டு பின்தொடருங்கள். விட்ட நாளோடு கணக்கை முடிப்பது ஏமாற்று வேலை.

கேள்வி: பண்ணையைவிட அதிலிருந்து போகும் மின்கம்பிதான் ஆபத்து என்கிறார்களே?

பதில்: சில பறவைகளுக்கு அதுதான் உண்மை. கானமயில் (கிரேட் இந்தியன் பஸ்டர்ட்) என்னும் பெரிய புல்வெளிப் பறவைக்கு 15 கிலோ வரை எடை. கண்கள் தலையின் பக்கங்களில் இருப்பதால் நேர்முன்னே பார்வை குறைவு. கம்பியைப் பார்க்கும்போது தூரம் மிகக் குறைவாக இருக்கும், அவ்வளவு எடையோடு சட்டென்று திரும்ப முடியாது. தார்ப் பாலைவனத்தின் 4,200 சதுர கி.மீ. பகுதியில் மட்டும் மின்தடங்களால் ஆண்டுக்குச் சுமார் 84,000 பறவைகள் சாகின்றன என்று இந்திய வனவுயிர் நிறுவனம் கணக்கிட்டது. மிஞ்சியிருக்கும் கானமயில்கள் 150க்கும் குறைவு. கம்பிகளைப் புதைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் ஆணையிட்டது; 2024 மார்ச்சில் அதை மாற்றி, நிபுணர் குழுவிடம் விட்டது.

சுழலும் அல்லது மின்னும் பறவைத் தடுப்பான்களைக் கம்பியில் மாட்டுவது பல இனங்களுக்கு உதவும். முன்னே பார்க்காத பறவைக்கு அவை முழுத் தீர்வாகா. ஆகவே பண்ணையின் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே மின்தடத்தின் பாதையையும் சேர்த்துப் பாருங்கள். பண்ணைக்கு ஒரு அறிக்கை, மின்தடத்துக்கு வேறொரு அறிக்கை என்று பிரித்துக் கொடுத்தால் இரண்டிலும் பாதிப்பு சிறிதாகத் தெரியும்.

கேள்வி: பேனலுக்கடியில் என்ன வளர்க்கலாம்? ஆடு மேய்க்கலாமா?

பதில்: அந்த மண்ணுக்கே உரிய குட்டையான புல், பூச்செடிகளின் கலவைதான் முதல் தேர்வு. பேனலின் கீழ்விளிம்பு 60 முதல் 80 செ.மீ. உயரத்தில் இருக்கும், அதற்குக் கீழே நின்றுவிடும் இனங்களைப் பேனல் அடியிலும், உயரமானவற்றை வேலியோரத்திலும் விதையுங்கள். தெற்கு மின்னசோட்டாவில் முன்பு பயிர் விளைந்த நிலத்தில் அமைந்த இரண்டு பண்ணைகளை 2018 முதல் 2022 வரை கண்காணித்தார்கள். நாட்டுப் பூச்செடிகள் விதைத்தபின் பூச்சிகளின் மொத்த எண்ணிக்கை மூன்று மடங்கானது, நாட்டுத் தேனீக்கள் 20 மடங்கு பெருகின. முதல் ஆண்டு பார்க்கக் களைக்காடாகத்தான் இருக்கும். அப்போது பொறுமையிழந்து களைக்கொல்லி தெளித்துவிட்டால் கதை முடிந்தது. களைகள் விதை கட்டுவதற்கு முன் உயரமாக வெட்டிவிட்டால் மூன்றாம் ஆண்டு பலன் தெரியும்.

செம்மறியாடு மேய்க்கலாம், கீழ்விளிம்பு 80 செ.மீ.க்குக் குறையாமலும், கேபிள்கள் தொங்காமல் கட்டப்பட்டும் இருக்க வேண்டும். வெள்ளாடு கூடாது. பேனல்மேல் ஏறும், கேபிளைக் கடிக்கும். மாட்டுக்கு 2 மீட்டருக்கு மேல் உயர்த்திய வலுவான சட்டகம் வேண்டும், செலவு எகிறும். பூக்கும் பருவத்தில் ஆட்டை வெளியே நிறுத்தி, தொகுதி தொகுதியாக மாற்றி மேய்த்தால் பூவும் மிஞ்சும்.

வறண்ட இடத்தில் நிழலே உதவி செய்கிறது. ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழக மேய்ச்சல் நிலம் ஒன்றில் கோடையின் இறுதியில் பேனலருகே புல்லின் அளவு வெளியைவிட 90 சதவீதம் கூடுதலாக இருந்தது என்று 2018இல் பதிவானது. ஈரமும் மேகமும் மிக்க வெஸ்ட்மில்லில் பேனலுக்கடியில் செடி குறைந்தது. உங்கள் இடத்தில் செடிக்குத் தட்டுப்பாடு தண்ணீரா, ஒளியா என்று பாருங்கள். விடை அதில் இருக்கிறது.

கேள்வி: பேனல் கழுவ எவ்வளவு தண்ணீர்?

பதில்: 1 மெகாவாட்டை ஒருமுறை கழுவ 7,000 முதல் 20,000 லிட்டர் வரை ஆகும். வறண்ட இடத்தில் நிலத்தடி நீரை இதற்கு உறிஞ்சுவது நியாயமில்லை. தண்ணீரே வேண்டாத தூரிகை ரோபோக்கள் வந்துவிட்டன. தூசியைக் குறைக்க முதல் வழி, தரையில் புல் இருக்க விடுவதுதான். மொட்டை மண்ணில் ஓடும் வண்டிதான் பேனலை அழுக்காக்குகிறது.

கேள்வி: நிலமே வேண்டாம், ஏரியில் மிதக்கவிட்டால்?

பதில்: பரப்பில் சிறு பகுதியை மட்டும் மூடினால் பாதிப்பு கட்டுக்குள் இருக்கும். பெரும்பகுதியை மூடினால் நீரில் ஒளியும் காற்றோட்டமும் குறைந்து ஆக்சிஜன் இறங்கும். கார்னெல் பல்கலைக்கழகம் குளங்களில் 70 சதவீதத்தை மூடிச் சோதித்தபோது பசுங்குடில் வாயு வெளியேற்றம் சுமார் 27 சதவீதம் கூடியது. வலசைப் பறவைகள் இறங்கும் இயற்கை ஏரிகளை விட்டுவிட்டு, கான்கிரீட் கரை கட்டிய நீர்த்தேக்கங்களையும் பழைய சுரங்கக் குழிகளையும் முதலில் பாருங்கள்.

கேள்வி: “ஆண்டு முழுவதும் 6 பறவைகள் மட்டுமே இறந்தன” என்கிறது ஒரு பண்ணையின் அறிக்கை. நம்பலாமா?

பதில்: கிடைத்தது 6 என்றுதான் அதற்குப் பொருள். நரியும் காகமும் தூக்கிப் போனவை, தேடியவர் கண்ணில் படாதவை, தேடாத வரிசைகளில் கிடந்தவை அதில் இல்லை. மூன்றையும் சோதித்தார்களா என்று கேளுங்கள். தேடுபவருக்குத் தெரியாமல் 20 சடலங்களை வைத்து, அவர் எத்தனை கண்டுபிடிக்கிறார் என்று பார்க்க வேண்டும். அடுத்த தேடல் வரை எத்தனை மிஞ்சுகின்றன என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

உதாரணம்: 20இல் 10 கண்டுபிடித்தார், அதாவது 0.5. அடுத்த தேடல் வரை மிஞ்சியது 0.4. பண்ணையில் கால் பங்கு மட்டுமே தேடப்பட்டது, அது 0.25. மூன்றையும் பெருக்கினால் 0.05. கிடைத்த 6ஐ அதனால் வகுத்தால் 120. கிடைத்தது இவ்வளவு குறைவாக இருக்கும்போது அந்த 120லும் பிழை வரம்பு அகலம். அதையும் சேர்த்து எழுதினால்தான் அறிக்கை முழுமை.

கட்டுமானத்துக்கு முன் எடுத்த கணக்கு உண்டா, பக்கத்தில் பண்ணையில்லாத அதே மாதிரி நிலத்திலும் எண்ணினார்களா என்பவை அடுத்த கேள்விகள். முன்கணக்கு ஒரே வாரத்தில் எடுத்ததென்றால் மதிப்பில்லை. எல்லாப் பருவங்களையும் தொட வேண்டும்.

கேள்வி: தரிசு நிலத்தில்தானே போடுகிறார்கள்? அங்கே இழக்க என்ன இருக்கிறது?

பதில்: தரிசு என்ற சொல்லில்தான் சிக்கல். பதிவேட்டில் தரிசு என்று இருப்பது புல்வெளியாகவோ, முட்புதர்க் காடாகவோ, மணல்மேடாகவோ இருக்கலாம். மரம் இல்லாததால் வெறுமை என்று பெயர் வாங்கிய இந்த நிலங்களில்தான் கானமயிலும் நரியும் மானும் வாழ்கின்றன. அங்கே பண்ணை வந்தால் கீழே எவ்வளவு பூச்செடி வைத்தாலும் இழந்தது திரும்பாது.

ஏற்கெனவே தீவிரமாக உழுது, மருந்தடித்துக் களைத்துப்போன நிலத்தில் பண்ணை வந்தால் நிலைமை தலைகீழ். கிழக்கு இங்கிலாந்தின் ஃபென்ஸ் பகுதியில் வேலியோரப் புதர்களையும் பூச்செடிகளையும் பேணிய பண்ணைகளில், சுற்றியுள்ள பயிர்நிலத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு பறவைகள் இருந்ததாக 2025இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அங்கே ஒப்பீடு மருந்தடித்த வயலோடு. புல்வெளியோடு ஒப்பிட்டிருந்தால் எண் வேறாக இருக்கும். எந்த ஆய்வைப் படித்தாலும் “எதைவிட?” என்று கேளுங்கள்.

கட்டடக் கூரைகள், சுரங்கக் கழிவுமேடுகள், உப்பேறிய வயல்கள், தொழிற்பேட்டைகள், சாலையோரங்கள்: இவற்றை வரைபடத்தில் முதலில் குறித்து, அதன் பிறகே பிற நிலத்துக்குப் போக வேண்டும்.

கேள்வி: 25, 30 ஆண்டு கழித்துப் பேனலை எடுத்துவிட்டால் நிலம் பழையபடி ஆகிவிடுமா?

பதில்: தொடக்கத்தில் என்ன செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. அடித்து இறக்கிய கால்களை அதிர்வுக் கருவியால் பிடுங்கிவிடலாம். கான்கிரீட் அடித்தளத்தை உடைத்து அள்ள வேண்டும், அந்தக் கனரக வேலையே மண்ணை இன்னொரு முறை நசுக்கும். மேல்மண்ணைத் தொடாத இடம் ஓரிரு பருவத்தில் தேறும். மேல்மண் போன இடத்தில் அடிமண்ணை உழுது, மட்கு சேர்த்து, விதைத்துப் பல ஆண்டு காத்திருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்கள் எழுத்தில் இருக்கட்டும். புதைத்த கேபிள்களை எந்த ஆழம் வரை எடுப்பது. சாலைச் சரளையை யார் அள்ளுவது. உடைந்த பேனல்களை யார் மறுசுழற்சிக்கு அனுப்புவது. பற்றுவைப்பில் ஈயமும், மென்படல வகையில் காட்மியம் டெல்யூரைடும் இருப்பதால் அவற்றை நிலத்திலேயே குவித்து விட்டுப் போகக் கூடாது. நான்காவது, இந்த வேலைக்கான பணம் நிறுவனத்தின் கணக்கில் அல்லாமல் தனி வைப்பாகத் தொடக்க ஆண்டுகளிலேயே ஒதுக்கப்பட வேண்டும். 30 ஆண்டுகளில் பண்ணை பல கைகள் மாறும். கட்டுமானத்துக்கு முன்பே மண்மாதிரி எடுத்து, இறுக்கம், மட்கு அளவு, நீர் இறங்கும் வேகம் மூன்றையும் அளந்து, இடத்தின் ஆயத்தொலைவுகளோடு ஒப்பந்தத்தில் இணைத்துவிடுங்கள். “பழையபடி” என்றால் எதுபோல என்று அப்போது காட்ட ஒரு தாள் கையில் இருக்கும்.